தொடரின் தலை: முத்துக்குளித்துறையிலிருந்து ஆங்கில வாக்கியத்தைப் பார்த்தல்

1548 அக்டோபர் இறுதியில் முத்துக்குளித்துறையின் வேம்பாற்றிலிருந்து ஒரு கடிதம் ரோமுக்குப் புறப்பட்டது. எழுதியவர் ஹென்றிக்கே ஹென்றீக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார் என்று அறியப்படும் இயேசு சபைத் துறவி. போர்ச்சுகலின் விலா விசோசாவில் 1520இல் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. பரதவர் ஊர்களில் வேலை செய்துகொண்டே தமிழ் கற்ற கதையை இக்னேஷியஸ் லொயோலாவுக்கு விவரிக்கிறார். இறந்தகாலம் எது, எதிர்காலம் எது என்று வினைகளைத் திரித்துத் திரித்துப் பார்த்ததையும், வேற்றுமைகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்ததையும் சொல்லிவிட்டு, இன்னொரு சிரமத்தையும் சேர்க்கிறார்: வாக்கியத்தில் எது முன்னே வரும், வினையா மற்றச் சொற்களா என்று அறியவும் தாம் உழைக்க வேண்டியிருந்தது என்கிறார்.

அந்தக் கடைசிக் குறிப்பு எனக்கு மிக முக்கியமானது. திரிபுகளை அடுக்கி மனப்பாடம் செய்துவிடலாம். லத்தீன் படித்த எவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் எது முன்னே, எது பின்னே என்பது மனப்பாடத்துக்கு அடங்காது. தமிழ் கற்க வந்த ஐரோப்பியர் அன்று இந்தக் கரையில் முட்டி நின்ற இடமும், ஆங்கிலம் கற்கும் தூத்துக்குடி மாணவர் இன்று முட்டி நிற்கும் இடமும் ஒன்றே. வந்து சேரும் திசைதான் வேறு. ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருக்கும், காலங்களின் பட்டியலும் தெரிந்திருக்கும், ஆனால் நான்கு வரி நீளும் ஒரு வாக்கியத்தில் எது எதோடு சேர்கிறது என்பது பிடிபடாது. ஆங்கில வாக்கிய அமைப்பைத் தமிழருக்கு விளக்க முத்துக்குளித்துறையின் இந்த வரலாற்றைக் காட்டிலும் நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம்.

ஹென்றீக்கஸுக்கு முன்பு இதே கரையில் பிரான்சிஸ் சவேரியார் பட்ட பாடு தெரிந்ததுதான். 1542இல் வந்தார். இரண்டு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கினார். 1544இல் தம் தோழர் மன்சில்லாஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லி வந்த இடத்தை 'விசுவாசிக்கிறேன்' என்று மாற்றச் சொல்கிறார். 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிப்பது, நம்பிக்கையை அன்று என்பது அவர் சொன்ன காரணம். பொருள் வேறுபாடு மட்டுமல்ல, அமைப்பு வேறுபாடும் இதில் இருக்கிறது. 'விசுவாசிக்கிறேன்' என்பதில் 'நான்' எழுவாய். வினையின் விகுதியிலேயே அது தெரிகிறது. 'எனக்கு வேணும்' என்பதில் ஆள் நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறார். வினை அவரோடு இயைவதில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும் என்று உடலிலும் மனத்திலும் நிகழ்பவற்றைத் தமிழ் இப்படித்தான் சொல்லும். ஆங்கிலத்தில் இந்த வசதி கிடையாது. எழுவாயின் இடம் அங்கே காலியாக இருக்கக் கூடாது. பசிப்பவர் 'ஐ' என்று எழுவாயாக வந்து நிற்க வேண்டும். மழை பெய்தால், பெய்வது இன்னதென்று சொல்ல ஏதுமில்லாதபோதும் 'இட்' என்ற வெறுஞ்சொல்லைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். நம் மாணவர்கள் அந்த 'இட்'டை விட்டுவிடுவது கவனக்குறைவால் அல்ல. தமிழ் அப்படி ஓர் இடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்டதே இல்லை.

1554இல் லிஸ்பனில் ஒரு சிறு ஜெபநூல் அச்சாயிற்று. கார்த்தில்யா என்று அழைக்கப்படுவது. தமிழ் அதில் ரோமன் எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவர இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. வின்சென்ட் த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்ற மூன்று இந்தியர்களின் உழைப்பில் கார்த்தில்யா உருவானது. தமிழ் வரியோடு சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசியப் பொருளையும் அதில் கோத்திருந்தார்கள். இன்றைய மொழியியலாளர்கள் அயல்மொழி வாக்கியத்தைக் காட்டும்போது செய்வதும் இதுதான். ஒரு மொழியின் சொற்களை வைத்து இன்னொரு மொழியின் வரிசையைக் காட்டினால் இரண்டு மொழிகளின் எலும்புக்கூடும் வெளியே வந்துவிடும்.

அதே முறையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். துறைமுகத்திலிருந்தே ஒரு தொடர்: 'தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்கிய பெட்டிகளை எண்ணிய குமாஸ்தா.' இதையே தமிழ்ச் சொற்களை வைத்து ஆங்கில வரிசையில் அடுக்கினால்: குமாஸ்தா / எவர் எண்ணினாரோ / பெட்டிகள் / இறக்கப்பட்ட / இல் / துறைமுகம் / உடைய / தூத்துக்குடி. தமிழில் கடைசியாக வந்த குமாஸ்தா ஆங்கிலத்தில் முதலில் வருகிறார். தமிழில் முதலில் வந்த தூத்துக்குடி ஆங்கிலத்தில் கடைசிக்குப் போகிறது. நடுவில் உள்ளவையும் ஒன்று விடாமல் தலைகீழாகின்றன. 'இல்' என்ற உருபுகூடத் துறைமுகத்தின் பின்னாலிருந்து முன்னால் போய்விட்டது.

இதை விளக்கத் தலைச்சொல் என்ற ஒரு கருத்து போதும். ஒரு தொடரில் எத்தனை சொல் இருந்தாலும் ஒன்று தலையாக இருக்கும். மேலே உள்ள எட்டும் சேர்ந்து குறிப்பது ஓர் ஆளை, அதாவது குமாஸ்தாவை. பெட்டியையோ துறைமுகத்தையோ அல்ல. மற்றவை அவரை அடையாளம் காட்ட வந்தவை. தமிழில் தலை எப்போதும் தொடரின் முடிவில் இருக்கும். பெயர்த்தொடரின் முடிவில் பெயர், வாக்கியத்தின் முடிவில் வினைமுற்று, வேற்றுமைத் தொடரின் முடிவில் உருபு. ஆங்கிலத்தில் பெரும்பாலும் தலை முன்னால் நிற்கும். விளக்கம் வால்போல் பின்னால் நீளும்.

'பெரும்பாலும்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். ஆங்கிலம் தமிழின் கண்ணாடி பிம்பம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்கள் மாணவரைப் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள். 'அந்த மூன்று பெரிய தோணிகள்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'தோஸ் த்ரீ பிக் போட்ஸ்.' சுட்டு, எண், பண்பு, பெயர் என்ற வரிசை இரண்டிலும் ஒன்றே. ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. ஆங்கிலப் பெயர்த்தொடருக்கு இரண்டு பக்கம் உண்டு. பெயருக்கு முன்னே இருக்கும் குறுகிய அடைகள் தமிழ் வரிசையிலேயே நடக்கும். பெயருக்குப் பின்னே வரும் நீண்ட அடைகள், அதாவது முன்னிடைச்சொல் தொடர்களும் 'ஹூ', 'தட்' என்று தொடங்கும் கிளைவாக்கியங்களும், தமிழுக்கு எதிர்த்திசையில் நடக்கும். தமிழர் முன்பக்கத்தில் தவறு செய்வது அரிது. தவறெல்லாம் பின்பக்கத்தில்தான் நடக்கிறது. ஆகவே கற்பிக்க வேண்டியதும் அந்தப் பின்பக்கம்தான்.

ஓர் உதாரணம். 'பெட்டிகளின் பட்டியல் மேசையில் இருக்கிறது' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நன்றாகப் படித்தவர்கூட 'த லிஸ்ட் ஆஃப் த பாக்ஸஸ் ஆர்' என்று எழுதிவிடுவார். 'ஆர்' அல்ல, 'இஸ்' என்று ஆசிரியர் சுழிப்பார். எழுவாய் ஒருமை, வினையும் ஒருமை என்ற விதியைச் சொல்வார். அந்த விதி மாணவருக்கு முன்பே தெரியும். தெரியாதது, தலை எங்கே போனது என்பதுதான். தமிழில் 'பட்டியல்' தொடரின் முடிவில் இருக்கிறது. தனக்குரிய வினையை நோக்கியே நிற்கிறது. பன்மையான 'பெட்டிகள்' அதற்கு அப்பால், முன்னே போய்விட்டது. ஆங்கிலத்தில் 'லிஸ்ட்' முன்னே போய்விட, வினைக்குப் பக்கத்தில் 'பாக்ஸஸ்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் இருப்பதோடு வினையை இயைப்பது தமிழ்க் காதுக்கு இயல்பு. இந்தப் பிழையை ஆங்கிலேயரும் செய்கிறார்கள். அவர்களுக்கு அது சறுக்கல். நமக்கோ நம் மொழியே கொடுத்த பழக்கம்.

தலையின் இடம் மாறுவதிலிருந்து கிளைக்கும் இன்னொன்றை இலக்கணப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆங்கிலத் தொடர் தன் தொடக்கத்தை அறிவிக்கும். தமிழ்த் தொடர் தன் முடிவை அறிவிக்கும். 'த' என்று கேட்டதும் ஒரு பெயர்த்தொடர் திறக்கிறது. 'இன்' என்றதும் இடத்தைச் சொல்லும் தொடர், 'தட்' என்றதும் ஒரு முழுக் கிளைவாக்கியம். அவை எங்கே மூடுகின்றன என்பதற்குத்தான் ஆங்கிலத்தில் அடையாளம் இல்லை. அதைக் கேட்பவர் ஊகிக்க வேண்டும். தமிழில் நேர்மாறு. 'நாளை கப்பல் புறப்படும்' என்பது வரை அது முழு வாக்கியம்போலவே இருக்கும். 'என்று' வந்த பிறகுதான் அது இன்னொன்றின் பகுதி என்று தெரியும். 'என்று கேப்டன் சொன்னார்' என வாக்கியம் முடியும்போது எல்லாம் மூடிவிடுகிறது. -ஐ, -இல், -உக்கு, பெயரெச்சத்தின் -அ, 'என்று', 'ஆல்' எல்லாம் மூடும் குறிகள். ஆகவே ஆங்கிலம் வாசிக்கும் தமிழர் புதிதாகப் பழக வேண்டியது ஒன்று: மூடும் குறிக்காகக் காத்திராமல், திறக்கும் குறியைக் கண்டதும் உள்ளே நுழைந்துவிடுவது.

ஆங்கிலம் திறக்கும் குறியையும் சில நேரம் விட்டுவிடும். சிக்கல் முற்றுவது அங்கேதான். 'இறக்கிய' என்பது பெயரெச்சம், 'இறக்கினார்' என்பது முற்று. தமிழில் இரண்டும் குழம்ப வழியில்லை. ஆங்கிலத்தில் 'அன்லோடட்' என்ற ஒரே வடிவம் இரண்டுக்கும் வரும். பெட்டிகள் இறக்கினவா, இறக்கப்பட்டவையா என்பது வாக்கியத்தின் முடிவில் வரும் வினைமுற்றைப் பார்த்த பிறகே தீரும். தாமஸ் பெவர் என்ற உளமொழியியலாளர் 1970இல் களஞ்சியத்தைக் கடந்து ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்றைக் காட்டினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அதை முதல் வாசிப்பில் பிழை என்று ஒதுக்குவார்கள். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் சிக்கலே இல்லை. 'ஓட்டப்பட்ட' என்ற எச்சம் எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடுகிறது.

ஹென்றீக்கஸ் தமிழுக்குச் செய்த இலக்கணம் போர்ச்சுகீசிய மொழியில் எழுதப்பட்டது. கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1982இல் ஹான்ஸ் ஃபெர்மேர் அதை முதன்முதலாகப் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் விரிவான ஆய்வோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். கரையோரத்துப் பேச்சுத்தமிழை அதில் கேட்க முடிகிறது. நம் மொழிவரலாற்றுக்கு அது பெருஞ்செல்வம். ஆனால் பெயர்களின் வேற்றுமையும் வினைகளின் திரிபுமே அதில் பெரும்பகுதி. லத்தீன் இலக்கணம் அப்படித்தான் அமைந்திருந்தது. தனிச்சொல்லின் வடிவங்களை அடுக்க அந்தச் சட்டம் மிக நன்றாக உதவும். சொற்கள் சேர்ந்து தொடராகும் விதத்தை ஆராய அதில் இடம் குறைவு. கடிதத்தில் அவர் குறிப்பிட்ட 'எது முன்னே' என்ற கேள்விக்கு ஒரு முழு விடை வர மூன்று நூற்றாண்டுகள் ஆயின.

அந்த விடையும் தொலைவிலிருந்து வரவில்லை. 1841இல் இடையன்குடியில் குடியேறிய ராபர்ட் கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். திராவிட மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று நிறுவ அவர் அடுக்கிய சான்றுகளில் வேர்ச்சொற்கள் மட்டும் இருக்கவில்லை. வாக்கிய அமைப்பும் இருந்தது. ஆளும் சொல் ஆளப்படும் சொல்லுக்குப் பின்னே வருவது, முன்னிடைச்சொல்லுக்குப் பதில் பின்னுருபு வருவது, 'எவன்', 'எது' போன்ற இணைப்புப் பிரதிப்பெயர்களுக்குப் பதில் பெயரெச்சம் நிற்பது. மூன்றும் தனித்தனிச் செய்திகள்போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒன்றே: தலை கடைசியில். கால்டுவெல் அவற்றை ஓரினமாகக் கண்டார் என்பதுதான் அவர் பெருமை. 1963இல் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு, வினை கடைசியில் வரும் மொழிகளில் உருபுகள் பெயருக்குப் பின்னே வருவது தற்செயல் அல்ல, மிகப் பெரும்பான்மைப் போக்கு என்று காட்டினார். அவருடைய பட்டியலில் தமிழ் இல்லை, கன்னடம் இருந்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நம் இலக்கணத்தை விட்டுவிட்டால் அது பெரிய அநியாயம். தொடர் என்ற அலகை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுவாய்த் தொடர், விளித் தொடர், வினைமுற்றுத் தொடர், பெயரெச்சத் தொடர், வினையெச்சத் தொடர், வேற்றுமைத் தொடர், இடைச்சொல் தொடர், உரிச்சொல் தொடர், அடுக்குத் தொடர் என்று தொகாநிலைத் தொடர்கள் ஒன்பதைப் பள்ளிப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் ஒப்பிக்கிறார்கள். செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களில் எது எதோடு சேரும் என்பதற்கு நன்னூல் எட்டுப் பொருள்கோள் வகுத்தது. தொல்காப்பியத்தின் எச்சவியல் நான்கைச் சொல்கிறது. உரையாசிரியர்கள் பாட்டைக் கொண்டுகூட்டிப் பொருள் எழுதியது, இன்றைய மொழியியலார் வாக்கியத்தைக் கிளைகிளையாகப் பிரித்து வரையும் வேலைக்கு மிக நெருங்கியது. அடுத்த வகுப்பிலேயே ஆங்கில ஆசிரியர், முழுப்பொருள் தராத சொற்கூட்டம் தொடர், எழுவாயும் பயனிலையும் உடையது கிளைவாக்கியம் என்று ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல் வழி வந்த வரையறையை எழுதிப்போடுகிறார். முந்தைய வகுப்பில் படித்ததும் இதுவும் ஒன்று என்று தமிழாசிரியர், ஆங்கில ஆசிரியர் இருவரில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. நம் மொழிக்கல்வியின் குறைகளில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். தேவையான அறிவு பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது; அதை எடுத்து இங்கே பயன்படுத்து என்று சொல்ல ஆளில்லை.

முழுப்பொருள் தராதது என்ற வரையறையை வைத்து ஒரு தொடரைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கும் வழி வேறு. அந்தச் சொற்கூட்டம் முழுவதையும் தூக்கிவிட்டு 'அவை', 'அங்கே', 'அவர்' என்று ஒரே சொல்லைப் போட முடிந்தால் அது தொடர். அதை ஒரு கேள்விக்கு விடையாகத் தனியே சொல்ல முடிந்தால் அது தொடர். மொத்தமாக வேறிடத்துக்கு நகர்த்த முடிந்தால் அது தொடர். தமிழ்ச் சொற்கள் எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்வதில் உள்ள பாதிப் பொய்யும் இங்கே தெரியும். 'பெரிய முத்தை அவன் எடுத்தான்', 'அவன் பெரிய முத்தை எடுத்தான்' என்று தொடர்கள் இடம் மாறும். 'முத்தைப் பெரிய' என்று தொடரின் உள்ளே மாறாது. நகர்வது சொல் அல்ல, தொடர்.

அதே சொற்கள் அதே வரிசையில் இருந்தும் இரண்டு தொடர்களாகப் பிரியலாம். 'பெரிய தோணி முதலாளி' என்றால் பெரியது தோணியா, முதலாளியா? தமிழும் ஆங்கிலமும் இந்த இடத்தில் ஒன்றுபோலவே மயங்கும். லியோனார்ட் புளூம்ஃபீல்ட் 1933இல் அண்மை உறுப்புகள் என்று பேசியதும், சோம்ஸ்கி 1957இல் மர வரைபடமாக வரைந்ததும் இந்த மயக்கத்தைத் தீர்க்கும் கருவிகள். வாக்கியம் சொற்களின் வரிசை அல்ல, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய தொடர்களின் அடுக்கு என்பது அவர்கள் நிறுவிய உண்மை.

இரு மொழியின் அடுக்குகளையும் ஒரே கையில் வைத்திருந்த ஒருவர் தூத்துக்குடியிலேயே வாழ்ந்தார். வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோட்டியவராகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவர் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவர். ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூல்களைத் தமிழாக்கியவரும் அவரே. ஆலனின் மிகப் புகழ்பெற்ற நூலின் ஆங்கிலப் பெயர் ஒரு கிளைவாக்கியம். 'ஆஸ்' என்ற சொல்லோடு திறந்து, மனிதன் எண்ணுகிறான் என்று எழுவாயும் வினையுமாக நிற்கிறது. தலைமை வாக்கியம் இல்லை. வ.உ.சி. அதற்கு இட்ட பெயர் 'மனம்போல வாழ்வு'. முன்னே நின்ற 'ஆஸ்' மனத்துக்குப் பின்னே 'போல' என்று வந்தது. ஆங்கிலத்தில் காலியாக விடப்பட்ட தலைக்கு 'வாழ்வு' என்ற பெயர் வந்து, தொடரின் முடிவில் உட்கார்ந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் தமிழில் அது அந்தரத்தில் தொங்கியிருக்கும். தொடரைத் தொடராகப் பெயர்ப்பது என்றால் என்ன என்று மாணவருக்குக் காட்ட இந்த இரண்டு சொற்கள் போதும்.

தூத்துக்குடியில் இந்த அறிவுக்கு நாள்தோறும் வேலை இருக்கிறது. கப்பலில் சரக்கு ஏறியதற்குத் தரப்படும் பில் ஆஃப் லேடிங்கில் கன்டெய்னர் எண்ணிக்கைக்கு அடுத்து 'செட் டு கன்டெயின்' என்ற மூன்று சொற்கள் இருக்கும். வினைமுற்று இல்லாத வெறும் எச்சத் தொடர். ஒரு கன்டெய்னர், அதில் 500 மூட்டை உப்பு என்று வைத்துக்கொள்வோம். தமிழ் வரிசையில் வாசித்தால் '500 மூட்டை உப்பு இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு கன்டெய்னர்'. தலை கன்டெய்னர். அந்தச் சொல் 'செட் டு கன்டெயின்' என்பதற்கு வெளியே இருக்கிறது. ஆகவே ஒரு கன்டெய்னர் பெற்றுக்கொண்டதைக் கப்பல் கம்பெனி தன் வாயால் ஒப்புக்கொள்கிறது. மூட்டைக் கணக்கும் உப்பும் அதற்கு உள்ளே இருக்கின்றன. அவை அனுப்பியவர் சொன்னவை, கம்பெனி எண்ணிப் பார்த்தவை அல்ல. சென்று சேர்ந்த இடத்தில் 480 மூட்டைதான் இருந்தது என்று தகராறு வந்தால், கம்பெனியின் வக்கீல் முதலில் விரல் வைக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். 'செட்' என்பதை 'சொன்னார்' என்று படிக்கும் குமாஸ்தாவுக்கு, சொன்னது யார் என்ற கேள்வியே குழப்பமாகிவிடும். அதைச் 'சொல்லப்பட்ட' என்ற பெயரெச்சமாகப் படித்து, அதன் வால் எதுவரை நீள்கிறது, தலை எது என்று பார்ப்பவருக்கு, அந்த மூன்று சொற்களும் யாரைக் காப்பாற்ற அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பது உடனே தெரிந்துவிடும்.